பறக்கும் கண்ணுக்கு ஏற்ற கண்ணாடி

மனிதன் எங்கே நிற்கின்றானோ அங்கிருந்தே உலகைக் காண்கின்றான். நிற்குமிடம் உயர்ந்ததாயின் காட்சி விரிகின்றது, தாழ்ந்ததாயின் சுருங்குகின்றது. இலங்கையின் மலையகத் தோட்டங்களில் இவ்வுண்மை கட்டடங்களின் அமைப்பிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. துரையின் பங்களா பெரும்பாலும் குன்றின் மேலே அமைந்திருக்கும். தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள் அதற்குக் கீழே, சரிவிலோ பள்ளத்திலோ வரிசையாகக் கிடக்கும். கங்காணி என்னும் சொல்லே 'கண்காணி' என்பதன் திரிபு. இவ்வாறு தலைமுறை தலைமுறையாக மேலிருந்து பார்க்கப்பட்ட ஒரு சமூகத்தின் இளைஞர் இன்று தாமே மேலிருந்து பார்க்க விரும்புகின்றனர் என்பது வெறும் விளையாட்டாசையென ஒதுக்கத்தக்கதன்று. அவ்விருப்பம் எவ்வாறு நிறைவேறுகின்றது, அதற்கு யார் என்ன விலை கொடுக்கின்றனர் என்பன ஆராயத்தக்கன.

தலவாக்கலையிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் பாதையில் அமைந்த சிறு நகரம் லிந்துலை. தலவாக்கலையும் அதுவும் ஒரே நகரசபையின் கீழ் இணைந்துள்ளன. சுற்றிலும் தேயிலை மலைகள், மலைகளுக்கிடையே ஓடைகள், பிற்பகலில் எதிர்பாராது இறங்கும் மூடுபனி. இச்சூழலில் வளர்ந்து, தலவாக்கலை ஸ்டூடியோ ஒன்றில் திருமணங்களையும் தேர்த்திருவிழாக்களையும் ஒளிப்பதிவு செய்து பழகிய இளைஞன் ஒருவனைக் கருதுக. அவன் தாய் கொழுந்து பறிப்பவள். ஆளில்லாச் சிறு வானூர்தி, அதாவது ட்ரோன், ஒன்றினைக் கண்ணாடி அணிந்து ஓட்டவேண்டும் என்பது அவன் அவா. எந்தக் கண்ணாடியை வாங்குவது என்பதே அவன் முன்னுள்ள வினா. விற்பனையாளனின் விளம்பரம் அவ்வினாவுக்கு ஒரே விடையைத் தரும். அவனது நிலைமையோ வேறு பல விடைகளை வேண்டி நிற்கின்றது.

இங்குக் கண்ணாடி எனப்படுவது மூக்குக்கண்ணாடியன்று. ட்ரோனின் முன்புறத்திலுள்ள சிறு கமரா காண்பதை வானொலி அலைவழியே பெற்று, ஓட்டுவோனின் இரு கண்களுக்கும் முன்னே திரையிற் காட்டும் கருவி அது. 'கொகிள்ஸ்' என்பதே அதன் வழக்குப்பெயர். அதனை அணிந்தவன் தரையில் நின்றவாறே வானூர்தியின் மூக்கில் அமர்ந்தவன்போல் ஆகிவிடுகின்றான். எஃப்.பி.வி. எனச் சுருக்கமாக வழங்கும் இம்முறையைத் தன்னிலை நோக்குப் பறப்பு எனலாம்.

முதலில் தெளிய வேண்டியது, இக்கண்ணாடி தேவையா என்பதாகும். ட்ரோன்கள் எல்லாம் ஒரே வகையின அல்ல. செய்மதியின் துணையோடு காற்றில் அசையாது நிற்கவல்ல கமரா ட்ரோன் ஒருவகை. அதனை ஓட்டக் கைப்பேசித் திரையே போதும். லயங்களுக்கு மேலுள்ள சரிவில் வெடிப்பு உண்டா எனப் பார்ப்பதற்கும், தோட்டத்தின் நிலப்படம் வரைவதற்கும் பொருத்தமானது இதுவே. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின்போது நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் நேர்ந்த மண்சரிவுகளை நினைவிற் கொள்வோர், இத்தகைய நோட்டத்தின் பயனை மறுக்கமாட்டார். ஆனால் அந்நோட்டத்துக்கு வேண்டியது நிதானம், வேகமன்று. கண்ணாடியின் தேவை வேறு வகை ட்ரோனுடன் பிறக்கின்றது. மரங்களுக்கிடையே நுழைந்து, அருவியோடு சேர்ந்து இறங்கி, தேரைச் சுற்றி வளைந்து பறக்கும் சிறிய வானூர்தி அது. அதனைத் தானாக நிலைநிறுத்தும் பொறிமுறை மிகக் குறைவு. ஓட்டுவோனின் விரல்களே அதன் அறிவு. அத்தகைய பறப்பை விரும்புவோன் மட்டுமே கண்ணாடியைப் பற்றி மேலும் சிந்திக்க வேண்டும். மற்றையோன் இவ்விடத்திலேயே தன் பணத்தை மீதப்படுத்திக்கொள்ளலாம்.

அடுத்து நோக்கத்தக்கது அனுபவம். புதியவன் ஒருவன் முதலிற் கண்ணாடியை வாங்கி, பின்னர் வானூர்தியை வாங்கி, இறுதியிற் பறக்கக் கற்பது வழக்கமாகிவிட்டது. இவ்வரிசை தலைகீழானது. முதலில் வாங்கத்தக்கது கையிற் பிடிக்கும் கட்டுப்பாட்டுக் கருவியே. அதனைக் கணினியோடு இணைத்து, 'லிஃப்ட்ஓஃப்', 'வெலொசிட்ரோன்' முதலான போலிப்பறப்பு மென்பொருள்களிற் பழகலாம். கணினித் திரையில் நூறுமுறை மோதினாலும் ஒரு சதமும் நட்டமில்லை. பல மணிநேரம் இவ்வாறு பழகிய பின்னரும் ஆர்வம் குன்றாதிருப்பின் அது உண்மையான ஆர்வமே. குன்றிவிடின், கண்ணாடிக்குரிய பெருந்தொகை தப்பியது எனக் கொள்ளலாம். இரண்டாம் படியாக அமைவது, உள்ளங்கையில் அடங்கி, காற்றாடிகளைச் சுற்றி வளையம் கொண்டு, ஏறத்தாழ 30 கிராம் எடையுள்ள மிகச் சிறு வானூர்தி. லிந்துலையின் காற்றில் அதனை வெளியே விடுதல் இயலாது. பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட லயத்துக் காம்பராவிலும் அதற்கு இடம் போதாது. தோட்டத்து வாசிகசாலையோ பாடசாலை மண்டபமோ கிடைக்குமாயின் பயிற்சிக்கு அதுவே சிறந்த வானம்.

இனிக் கண்ணாடிகளின் வகைகளுக்கு வருவோர் முதலிற் காண்பது அனலொக், டிஜிட்டல் என்னும் பிரிவினை. 2010களில் ஃபட் ஷார்க் போன்ற நிறுவனங்களின் கண்ணாடிகளால் பரவிய பறப்பு அனலொக் முறையைச் சார்ந்தது. பழைய தொலைக்காட்சிப் படத்தின் தரமே அதிற் கிடைக்கும். 2019இல் டீ.ஜே.ஐ. நிறுவனம் டிஜிட்டல் முறையொன்றை வெளியிட்ட பின் காட்சியின் தெளிவு பெரிதும் உயர்ந்தது. எச்.டி.சீரோ, வோக்ஸ்நெயில் ஆகிய வேறு டிஜிட்டல் முறைகளும் தோன்றின. இன்று டிஜிட்டல் கண்ணாடியை அணிந்து பார்த்தவன் அனலொக் காட்சியை மங்கலென்று இகழ்வது இயல்பு. எனினும் மலைநாட்டில் இவ்விரண்டையும் ஒப்பிடுவோன் தெளிவை மட்டும் அளவுகோலாகக் கொள்ளுதல் ஆகாது.

காரணம் அலையின் இயல்பில் உள்ளது. இக்கண்ணாடிகளுட் பெரும்பாலானவை 5.8 கிகாஹேட்ஸ் அலைவரிசையிற் காட்சியைப் பெறுகின்றன. அவ்வலையின் நீளம் ஏறத்தாழ ஐந்து சென்ரிமீற்றர். இத்துணைக் குறுகிய அலை மலையை ஊடுருவாது. மலையின் முகட்டைச் சுற்றி வளைந்து செல்வதும் மிகக் குறைவு. நனைந்த மரக்கூட்டமும் அதனை வெகுவாக விழுங்கும். வானூர்தி முகட்டுக்கு அப்பால் இறங்கியவுடன் காட்சி நலிவடையும். கட்டளையைக் கொண்டுசெல்லும் அலை பெரும்பாலும் 2.4 கிகாஹேட்ஸ் அளவினதாகவும், மிகக் குறைந்த தரவைச் சுமப்பதாகவும் இருப்பதால், அது இன்னும் சிறிது தூரம் தாக்குப்பிடிக்கும். ஆதலின் மலைநாட்டில் முதலில் அறுவது காட்சியே. கையிற் கட்டளை இருக்கும். கண்ணிற் காட்சி இராது.

இந்நிலையில் இரு முறைகளும் வேறுபட்டு நடந்துகொள்கின்றன. அனலொக் படத்தில் முதலிற் புள்ளிகள் தூவும். பின் நிறம் போகும். பின் கோடுகள் புரளும். ஒவ்வொன்றும் 'திரும்பு' என்னும் எச்சரிக்கை. டிஜிட்டல் முறைகளுட் பலவற்றில் படம் நெடுநேரம் தெளிவாயிருந்து, சற்றே கட்டங்கட்டமாகக் குலைந்து, திடீரென உறைந்து நிற்கும். கண்ணாடியின் மூலையிற் காட்டப்படும் அலைவலிமை அளவைக் கவனியாத புதியவன் அவ்வுறைந்த படத்தையே உண்மையென்று எண்ணி மலையில் மோதுவான். எச்.டி.சீரோ முறை டிஜிட்டலாயினும் அனலொக்கைப் போலப் படிப்படியாகவே நலிவடைகின்றது. எனவேதான் போட்டிகளிற் பறப்போர் பலர் அதனை விரும்புகின்றனர். காட்சி கண்ணை வந்தடையும் தாமதமும் எண்ணத்தக்கது. மணிக்கு 72 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வானூர்தி ஒரு செக்கனில் 20 மீற்றர் கடக்கும். தாமதம் 30 மில்லிசெக்கன் எனின், ஓட்டுவோன் காண்பது 60 சென்ரிமீற்றர் பின்தங்கிய உலகம். வெட்டவெளியில் அஃது ஒன்றுமில்லை. சவுக்கு மரங்களுக்கிடையே அது ஒரு மரத்தின் பருமன்.

எந்த முறையாயினும், நிற்குமிடத்தைத் தேர்ந்தெடுத்தல் கண்ணாடியைத் தேர்ந்தெடுத்தலுக்கு நிகரானது. பள்ளத்தில் நின்று விலையுயர்ந்த கண்ணாடியை அணிந்தவனைவிட, முகட்டில் நின்று மலிவான கண்ணாடியை அணிந்தவன் தூரம் காண்பான். இரு அன்டெனாக்களைக் கொண்டு, எதிற் காட்சி நன்றோ அதனைத் தானே தெரிந்துகொள்ளும் கண்ணாடி, ஓர் அன்டெனா மட்டும் உள்ளதைக் காட்டிலும் மலைநாட்டுக்குப் பொருத்தமானது. கண்ணாடியிலேயே காட்சியைப் பதிவுசெய்யும் வசதியும் இங்கு ஆடம்பரமன்று. இடுப்பளவு உயர்ந்து நெருங்கிய தேயிலைச் செடிகளுக்குள் விழுந்த சிறு வானூர்தியை வெறுங்கண்ணால் தேடுவது அரிது. பதிவின் கடைசிச் சில செக்கன்களில் தெரியும் மரமோ வங்கிக்கல்லோ கானோ தேடுவோனுக்கு வழிகாட்டும்.

விலையைப் பற்றிய ஆராய்ச்சி இனி வருவது. கடைக்காரர் டொலரிலும் ரூபாவிலும் கணிப்பர். தோட்டத்தில் வேறோர் அளவை உண்டு. ஒரு நாள் வேலை முழுமையாகப் பதியப்படுவதனை 'ஒரு பேர்' என்பர். குறைந்தால் 'அரைப் பேர்'. மகன் விலையைச் சொன்னதும் மலையகத்துத் தாய் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இதுவே: "இதுக்கு எத்தன பேர் போடணும் தம்பி?" பொருளியலாளர் பலரின் கேள்வியிலும் நேரானது இக்கேள்வி.

அதற்கு விடை காணலாம். 2021இல் தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. 2024 செப்டம்பரில் 1,350 ரூபாவாயிற்று. 2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில், அரசு வழங்கும் 200 ரூபா வருகைக் கொடுப்பனவும் சேர்ந்து 1,750 ரூபாவாக்கப்படும் என முன்வைக்கப்பட்டது. இவ்விறுதித் தொகையையே அளவாகவும், டொலர் ஒன்று 300 ரூபாவாகவும் கொள்க. ஒற்றைத் திரையும் பெருவில்லையும் கொண்டு பெட்டிபோல் தோன்றும் ஈச்சீன் ஈ.வீ.800டீ போன்ற அனலொக் கண்ணாடி ஏறத்தாழ 90 டொலர். அதாவது 27,000 ரூபா. பதினாறு பேருக்குச் சற்றுக் குறைவு. டீ.ஜே.ஐ. நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட கொகிள்ஸ் என்3 தொடக்கத்தில் 229 டொலர், 68,700 ரூபா, முப்பத்தொன்பது பேர். அதே ஆண்டு ஏப்பிரலில் வந்த கொகிள்ஸ் 3 ஏறத்தாழ 500 டொலர்; 150,000 ரூபா; எண்பத்தாறு பேர். மாதம் 25 நாள் தவறாது வேலை கிடைப்பினும் இது மூன்றரை மாத உழைப்பு. வரியும் அனுப்புகூலியும் இக்கணக்கிற் சேரவில்லை. வானூர்தியும் மின்கலங்களும் மின்னேற்றியும் கட்டுப்பாட்டுக் கருவியும் இதற்குப் புறம்பானவை.

இக்கணக்கைக் கண்டு மலிவானதே சிறந்ததென முடிவுசெய்தலும் அவசரமாகும். வானூர்தி உடையும், காற்றாடிகள் நாளும் உடையும், மின்கலம் ஓராண்டில் தளரும். கண்ணாடியோ ஓட்டுவோனின் முகத்திலேயே இருப்பது, மோதலில் உடைவதன்று. நன்கு பேணின் பல ஆண்டுகள் உழைக்கும். எனவே முழுத்தொகையில் கண்ணாடிக்கெனப் பெரும்பகுதியை ஒதுக்குதல் பொருத்தமே என்பர் அனுபவமுடையோர். அவர் கூற்று உண்மை. ஆனால் அது எவ்வழியிற் செல்லப்போகின்றான் என்பதனை ஏற்கெனவே அறிந்தவனுக்குரிய உண்மை. ஏனெனில் கண்ணாடி வாங்குவோன் ஒரு பொருளை மட்டும் வாங்குவதில்லை. ஒரு முறைமைக்குள் நுழைகின்றான். டீ.ஜே.ஐ. கண்ணாடி அந்நிறுவனத்தின் ஒலிபரப்பிகளோடு மட்டுமே பேசும். அவற்றுள்ளும் புதிய கண்ணாடி பழைய கருவியோடு இணையும் என்னும் உறுதியில்லை. அனலொக் கண்ணாடியோ யார் செய்த அனலொக் ஒலிபரப்பியோடும் இணையும். முறைமையை மாற்ற நேரின் முன்னையவனுக்கு நட்டம் பெரிது, பின்னையவனுக்குச் சிறிது. புதியவன் இழக்கத் துணிந்த தொகையையே முதற் கண்ணாடியில் இடவேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

உடலின் அளவும் உண்டு. இரு விழிகளின் மணிகளுக்கிடையேயுள்ள தூரம் ஆளுக்காள் வேறுபடும். வளர்ந்தோரிடத்து ஏறத்தாழ 63 மில்லிமீற்றர் சராசரி. இரட்டைத் திரையுள்ள கண்ணாடிகள் குறித்ததோர் எல்லைக்குள்ளேயே இத்தூரத்துக்கு இசைந்து கொடுக்கும். கொகிள்ஸ் 3இல் அது 56 முதல் 72 மில்லிமீற்றர் வரை. கிட்டப்பார்வையுடையோர் அதன் வில்லைகளைத் திருகித் தம் பார்வைக்கு ஏற்பச் சரிசெய்யலாம். எனினும் பிறழ்பார்வையை அத்திருகல் திருத்தாது. என்3 போன்ற பெட்டிவகைக் கண்ணாடியினுள் மூக்குக்கண்ணாடியை அணிந்தவாறே பார்க்க இடமுண்டு. இதனால் விலைகுறைந்த கருவியே சிலருக்குப் பொருத்தமான கருவியாகவும் அமைதல் கூடும். மலைக்குளிரில் மூச்சின் ஈரம் வில்லையிற் படியும். சிறு விசிறி பொருத்திய கண்ணாடி இதனைத் தடுக்கும். இவற்றை எந்த விளம்பரத் தாளும் முழுமையாக உணர்த்தாது. இயலுமாயின் நண்பர் ஒருவரது கண்ணாடியைப் பத்து நிமிடம் அணிந்து, தலைசுற்றல் வருகின்றதா, ஓரங்கள் மங்குகின்றனவா எனப் பார்த்த பின்னரே பணம் செலுத்துதல் நன்று.

கண்ணாடியை அணிந்தவன் உலகுக்குக் குருடன் என்பதும் மறக்கற்பாலதன்று. தனக்குப் பின்னே வந்த நாயையும், மேலே வந்த ஹெலிகொப்டரையும் அவன் காணான். இதனாலேயே அமெரிக்கா, பிரித்தானியா முதலிய நாடுகளில், கண்ணாடி அணிந்து ஓட்டுவோனின் அருகே வெறுங்கண்ணால் வானூர்தியைக் கவனிக்கும் துணையாள் ஒருவர் நிற்கவேண்டும் என விதிக்கப்பட்டுள்ளது. துணையாளின் கூலியும் கண்ணாடியின் விலையிற் சேர்ந்ததே. நட்பினால் அது தீர்க்கப்படலாம். அனலொக் முறையிற் பறப்போர் இருவர் ஒரே அலைத்தடத்தைப் பயன்படுத்தின் ஒருவர் காட்சியை மற்றவர் அழிப்பர் என்பதால், கருவியை இயக்குமுன் குரல்கொடுத்துக் கேட்டறிதல் பறப்போரிடையே மரபு.

இலங்கையில் ட்ரோன் பறப்பு சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் விதிகளுக்கு உட்பட்டது. எடைக்கேற்ப வானூர்திகள் வகுக்கப்பட்டு, பாரம் கூடக் கூட நிபந்தனைகளும் கூடுகின்றன. 2019 ஏப்பிரல் 21ஆம் நாள் நிகழ்ந்த உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின், சில நாட்களிலேயே நாடெங்கும் ட்ரோன் பறப்பு இடைநிறுத்தப்பட்டு, பிற்காலத்திலேயே தளர்த்தப்பட்டது. வானொலி அலையைப் பயன்படுத்தும் கருவியாதலால், வெளிநாட்டிலிருந்து தருவிப்போர் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியையும் கருத்திற் கொள்ளவேண்டும். 2022இல் தொடங்கிய உக்ரேன் போரில் இதே கண்ணாடியும் இதே சிறு வானூர்தியும் ஆயுதங்களாக மாறியதை உலகம் கண்டது. நெடும் போரைக் கண்ட ஒரு நாட்டில் அதிகாரிகள் இதனை ஐயத்தோடு நோக்குதல் வியப்பன்று. தமிழ் இளைஞன் ஒருவனின் கையிலிருக்கும்போது அவ்வையம் மிகுதல் கூடும் என்பதும் அறிந்ததே. ஆதலின் அனுமதிப் பத்திரத்தையும் கொள்வனவுச் சீட்டையும் பேணிவைத்தல் கண்ணாடியைப் பேணுதலினும் முதன்மையானது.

சட்டம் சொல்லாத விதியொன்றும் தோட்டத்தில் உண்டு. பெண்கள் பலர் இன்னும் வெட்டவெளிப் பீலியிலேயே குளிக்கின்றனர். லயத்துக் கோடிப்புறம் மதிலற்றது. பங்களாவின் உயரத்திலிருந்து வந்த பார்வையை வெறுத்த சமூகம், தன் பிள்ளையின் வானூர்தியிலிருந்து வரும் பார்வையை மட்டும் பொறுக்க வேண்டும் என எதிர்பார்த்தல் நீதியன்று. கண்ணாடியின் தெளிவு கூடக் கூட இப்பொறுப்பும் கூடுகின்றது. எந்நேரத்தில், எப்பக்கமாகப் பறப்பது என்பதனை முன்கூட்டியே லயத்தாரிடம் சொல்லிவிடுதலும், பறந்து முடிந்ததும் பதிவினை அவர்களுக்கே காட்டுதலும் செலவில்லாத பண்பாடுகள். தான் வாழ்ந்த லயத்தின் கூரையையும் தான் கொழுந்து பறித்த மலையையும் ஒருமுறையேனும் மேலிருந்து கண்ட மூதாட்டி, அக்கருவியை இனி அந்நியமாக எண்ணமாட்டாள்.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், லிந்துலை இளைஞனுக்குரிய வழி ஓரளவு தெளிவாகின்றது. முதலிற் கட்டுப்பாட்டுக் கருவியும் போலிப்பறப்பு மென்பொருளும். பின்னர் மிகச் சிறு வானூர்தியும், பதிவுவசதியும் இரு அன்டெனாக்களும் கொண்ட மலிவான அனலொக் பெட்டிக் கண்ணாடியும். ஒரு பருவம் முழுவதும், குறிப்பாக வானம் தெளிந்த தை முதல் பங்குனி வரையான காலத்தில், அவற்றிற் பழக்கம். அதன்பின் திருமணமும் திருவிழாவும் அவன் தொழிலுக்கு வருவாய் தரத் தொடங்குமாயின், அவ்வருவாயைக் கொண்டே டிஜிட்டல் கண்ணாடி. மூக்குக்கண்ணாடி அணிபவனாயின், அல்லது வீட்டாரின் நட்டத்துக்கு இடமின்றித் தொடக்கத்திலேயே பணம் சேர்த்தவனாயின், என்3 போன்ற இடைநிலைக் கருவியிலிருந்து தொடங்குதலும் தவறன்று. தாயின் பேர்களை அடகுவைத்து எண்பத்தாறு நாட்களின் கண்ணாடியை முதல்நாளே வாங்குதல் மட்டும் எவ்வகையிலும் ஒவ்வாது. அவள் உழைப்பின் அளவை அறிந்து, அதற்குள் அடங்கும் கருவியைத் தேர்ந்தவனே உயரத்திலிருந்து எதனைப் பார்க்க வேண்டும் என்பதனையும் அறிந்தவனாவான்.